ஒரு டன் தாமிரத்தில் 5 கிராம் ஆர்சனிக்

மின்கம்பி இழுக்கப் பயன்படும் உயர்தரத் தாமிரத் தகட்டில் ஆர்சனிக்கின் அளவு 5 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது. பத்து லட்சம் பங்கில் ஐந்து பங்கு, அதாவது ஒரு டன் தாமிரத்தில் 5 கிராம். லண்டன் உலோகச் சந்தையில் 'ஏ' தரம் என்ற பெயரில் கைமாறும் கேத்தோடு தகடுகளுக்கு ஐரோப்பியத் தரவிதி வைத்திருக்கும் வரம்பு இது. முதல் தரக் கேத்தோடுக்கு அமெரிக்கத் தரவிதி சொல்வதும் இதே எண்தான். அதே பட்டியலில் வெள்ளி 25 பிபிஎம் வரை இருக்கலாம். பிஸ்மத்துக்கோ 1 பிபிஎம்தான் அனுமதி. இப்படிப்பட்ட நுண்ணளவு ஆர்சனிக்கை உலோகத்துக்குள் தேடி எண்ணாகச் சொல்வதற்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் வழிகளில் ஒன்று அணு உட்கவர் நிறமாலை அளவியல். ஆய்வகப் பேச்சில் அதற்கு ஏ.ஏ.எஸ். என்று பெயர். கருவி தன் அளவைச் சொல்லச் சில விநாடிகள் போதும். அந்த அளவை நம்பலாமா கூடாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மாதிரி கருவிக்குள் போவதற்கு முன் நடக்கும் வேலை.

ஆர்சனிக் உலோகத்தில் வந்து சேரும் வழி பெரும்பாலும் தாதுதான். செம்பு, ஈயம், வெள்ளி, தங்கம், கோபால்ட் ஆகியவற்றின் தாதுக்களோடு அது பூமிக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு அதன் தாதுக்கள் புதியவை அல்ல: அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கின் சல்பைடுகள், வெள்ளைப் பாஷாணம் அதன் ஆக்சைடு. எனார்கைட், டென்னன்டைட் என்ற செம்புத் தாதுக்களின் கட்டமைப்பிலேயே ஆர்சனிக் உட்கார்ந்திருக்கிறது. உருக்கும்போது பெரும்பகுதி ஆவியாகவும் கசடாகவும் வெளியேறினாலும், மிச்சம் ஆனோடு வார்ப்பில் தங்கிவிடும். அந்த ஆனோடைக் கந்தக அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மின்னாற்பகுப்பு செய்யும்போது ஆர்சனிக்கும் கரைசலில் இறங்கிச் சேர்ந்துகொண்டே போகிறது. கேத்தோடில் அது நேரடியாகப் படிவது குறைவு. தகட்டின் மேற்பரப்பு கரடுமுரடாக வளர்ந்தால் இடுக்குகளில் கரைசலும் சேறும் சிக்கிக்கொள்ளும். ஆர்சனிக் உள்ளே நுழைவது அந்த வழியில்தான். ஆகவே கேத்தோடில் காணும் ஆர்சனிக் எண், தொட்டியில் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கும் ஓர் அடையாளம்.

இவ்வளவு சிறிய அளவுக்கு இத்தனை கண்டிப்பு ஏன்? செம்பு அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகத்தில் வேற்று அணு ஒன்று புகுந்தால், மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும் எலக்ட்ரான்கள் அதன்மீது சிதறுகின்றன. கடத்துதிறனைக் கெடுப்பதில் பாஸ்பரஸ், இரும்பு போன்றவற்றோடு ஆர்சனிக்கும் முன்வரிசையில் நிற்கிறது. பாஸ்பரசோடு அரை சதவீதம்வரை ஆர்சனிக்கும் சேர்ந்த தாமிரத்தின் கடத்துதிறன், தூய தாமிரத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

ஆனால் ஆர்சனிக் எப்போதும் வேண்டாத விருந்தாளி அல்ல. நீராவி ரயில் எஞ்சின்களின் நெருப்பறைத் தகடுகளுக்கு ஆர்சனிக் கலந்த தாமிரத்தையே தேடி வாங்கினார்கள். சூட்டில் அது சீக்கிரம் மெத்தென்று ஆகாது. கடல்நீர் ஓடும் கண்டென்சர் குழாய்களுக்கான அட்மிரால்டி பித்தளையில் 0.02 முதல் 0.06 சதவீதம் ஆர்சனிக் சேர்க்கிறார்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கரைந்து போய்க் குழாய் பஞ்சுபோல் ஆகிவிடுவதை அது தடுக்கிறது. உருகிய ஈயத்தில் சிறிது ஆர்சனிக் கலந்து உயரத்திலிருந்து சொட்டவிட்டால் துப்பாக்கி ரவைகள் நல்ல உருண்டையாக விழும். இன்னும் பின்னால் போனால், வெள்ளீயம் கலந்த வெண்கலம் பரவுவதற்கு முன்பே மேற்காசியாவில் ஆர்சனிக் செறிந்த செம்பில் ஆயுதமும் சடங்குப் பொருளும் வார்த்தார்கள். 1961இல் சாக்கடலை அடுத்த நாஹல் மிஷ்மர் குகையில் கிடைத்த நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களில் பலவும் அப்படிப்பட்டவை.

எஃகில் கதை வேறு. குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகில் செய்த அழுத்தக் கலன்கள் 350 முதல் 575 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் ஆண்டுக்கணக்கில் நிற்கும்போது பாஸ்பரஸ், ஆன்டிமனி, வெள்ளீயம், ஆர்சனிக் ஆகிய நான்கும் மெல்ல நகர்ந்து படிகத் துகள்களின் எல்லைகளில் போய்ச் சேர்கின்றன. அங்கே பிணைப்பு தளர்கிறது. வளைய வேண்டிய எஃகு உடைகிறது. பற்றவைப்பு உலோகத்துக்குப் புருஸ்காட்டோ காரணி என்றொரு கணக்கு உண்டு. பிபிஎம் அளவில் பாஸ்பரசைப் பத்தாலும் ஆன்டிமனியை ஐந்தாலும் வெள்ளீயத்தை நான்காலும் பெருக்கி, ஆர்சனிக்கை அப்படியே கூட்டி, மொத்தத்தை நூறால் வகுக்கிறார்கள். விடை குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால்தான் பொருள் ஏற்கப்படும். இரும்புக் கழிவைத் திரும்பத் திரும்ப உருக்குவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆக்சிஜனை ஊதினால் கார்பனும் சிலிக்கனும் எரிந்து போய்விடும். ஆர்சனிக் செம்பையும் வெள்ளீயத்தையும் போல உருக்கிலேயே நின்றுவிடும். ஒருமுறை உள்ளே வந்தது ஒவ்வொரு சுற்றிலும் தொடர்ந்து வரும்.

அளக்கும் முறையின் அடிப்படை

சூரிய ஒளியை வண்ணப் பட்டையாக விரித்தால் அதில் கருங்கோடுகள் தெரிகின்றன. வொல்லாஸ்டன் 1802இல் அவற்றைக் கவனித்தார். ஃபிரவுன்ஹோஃபர் 1814இல் தொடங்கி நூற்றுக்கணக்கான கோடுகளை வரைபடமாக்கினார். ஒரு தனிமத்தின் ஆவி சூடாக இருக்கும்போது எந்த அலைநீளத்தில் ஒளியை உமிழ்கிறதோ, அதே அலைநீள ஒளி தன்னைக் கடக்கும்போது அதை விழுங்கவும் செய்கிறது என்பதைக் கிர்க்காஃபும் புன்சனும் 1860ஆம் ஆண்டையொட்டி விளக்கினார்கள். அதன் பிறகு ஏறத்தாழ நூறு ஆண்டுகள், வேதியியலாளர்கள் உமிழும் ஒளியைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள். விழுங்கப்படும் ஒளியை அளந்தால் என்ன என்ற கேள்வியைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனத்தில் பணிபுரிந்த இயற்பியலாளர் ஆலன் வால்ஷ். 1952 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்போர்னில் தம் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது இந்த யோசனை உதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1955இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அதே ஆண்டு நெதர்லாந்தில் அல்கமேடேயும் மிலாட்ஸும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

வால்ஷின் யோசனைக்கு இருந்த பலத்தை ஆர்சனிக்கை வைத்தே பார்க்கலாம். ஆர்சனிக் அணு விழுங்கும் ஒளியின் முக்கிய அலைநீளம் 193.7 நானோமீட்டர். அந்த ஒளியை உமிழ வேண்டுமானால் அணு 6.4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் பெற்றுக் கிளர்ந்த நிலையில் இருக்க வேண்டும். சுடரின் 2,500 கெல்வின் சூட்டில்கூட லட்சம் கோடி ஆர்சனிக் அணுக்களில் ஒன்றுகூட அந்த நிலைக்கு ஏறுவதில்லை. மற்ற எல்லாம் அடிநிலையிலேயே கிடக்கின்றன. உமிழ்வை அளப்பவர் அந்த அபூர்வமான சில அணுக்களை நம்பியிருக்கிறார். உட்கவர்தலை அளப்பவருக்கோ ஏறக்குறைய எல்லா அணுக்களும் உதவுகின்றன.

இதற்குத் தேவையான ஒளியை ஆர்சனிக்கே தருகிறது. கண்ணாடிக் குழலுக்குள் ஆர்சனிக் பூசிய குழிவான கேத்தோடை வைத்து, குறைந்த அழுத்தத்தில் நியான் அல்லது ஆர்கான் வாயுவை அடைத்து மின்சாரம் பாய்ச்சினால், கேத்தோடிலிருந்து பெயரும் அணுக்கள் தங்களுக்கே உரிய அலைநீளங்களில் ஒளிர்கின்றன. ஹாலோ கேத்தோடு விளக்கு என்பது இதுதான். அது தரும் கோடு மிக மெலிதானது. நானோமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அகலம்தான். அதனால் விலை உயர்ந்த ஒளிபிரிப்பானுக்கு வேலை இல்லை. தேவையான தேர்வு விளக்கிலேயே முடிந்துவிடுகிறது. ஆர்சனிக்குக்கு ஹாலோ கேத்தோடு விளக்கு கொஞ்சம் மங்கல்; மின்முனையற்ற மின்னிறக்க விளக்கைப் போட்டால் ஒளி நன்றாக வரும், தாளம் தப்பாத அளவீடும் கிடைக்கும்.

விளக்கின் ஒளி அணுக்கூட்டத்தைக் கடந்து மறுபக்கம் வருகிறது. எத்தனை பங்கு குறைந்திருக்கிறது என்பதைக் கருவி பார்க்கிறது. உட்புகுந்த ஒளிக்கும் வெளிவந்த ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கை, உட்கவர் திறன் எனப்படும். பீர்–லாம்பர்ட் விதிப்படி அது அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அளவு தெரிந்த கரைசல்களை முதலில் அளந்து ஒரு கோடு வரைந்துகொண்டால், அளவு தெரியாத மாதிரியை அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுவிடலாம்.

சுடர் கைவிடும் இடம்

செம்பு, துத்தநாகம், இரும்பு போன்றவற்றை அளக்கக் காற்றும் அசெட்டிலீனும் எரியும் சாதாரணச் சுடர் போதும். கரைசலை உறிஞ்சிச் சிறு திவலைகளாக்கிச் சுடரில் தெளித்தால் அணுக்கள் பிறந்துவிடும். ஆர்சனிக்குக்கு இது சரிப்படவில்லை. 193.7 நானோமீட்டர் என்பது காற்றே ஒளியை விழுங்கத் தொடங்கும் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காற்று–அசெட்டிலீன் சுடரில் அந்த ஒளியின் பாதிக்கு மேல், மாதிரி உள்ளே போகும் முன்பே, சுடரின் வாயுக்களால் விழுங்கப்பட்டுவிடுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு சுடரிலும் ஹைட்ரஜன் சுடரிலும் நிலைமை மேல். இருந்தாலும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் இருந்தால்தான் சுடர் முறையில் எண் திருப்தியாக வரும்.

ஒரு கிராம் தாமிரத்தைக் கரைத்து 100 மில்லிலிட்டராக்கினால், அதில் 5 பிபிஎம் ஆர்சனிக் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான். சுடருக்கு அது தெரியவே தெரியாது. பத்து கிராமைக் கரைத்துச் செறிவை ஏற்றலாம் என்றால் சுடர்முனையில் செம்பு உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். பித்தளையில் வேண்டுமென்றே சேர்த்த 0.04 சதவீதத்தை அளக்கச் சுடர் ஓரளவு உதவும். தூய தாமிரத்தின் வரம்பைச் சோதிக்க உதவாது. ஆகவே ஆர்சனிக்கை மட்டும் உலோகக் கரைசலிலிருந்து தனியே பெயர்த்துக் கொண்டுவர வேண்டும், அல்லது மிகச் சிறிய இடத்தில் எல்லா அணுக்களையும் ஒரே நேரத்தில் அடைத்து வைக்க வேண்டும். முதல் வழி ஹைட்ரைடு முறை, இரண்டாவது கிராஃபைட் உலை.

ஹைட்ரைடு முறையின் வேர் ஒரு கொலை வழக்கில் இருக்கிறது. 1832இல் இங்கிலாந்தில் ஜான் பாடில் என்பவர் தம் தாத்தாவுக்குக் காப்பியில் ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். வூலிச் ஆயுதச்சாலையில் வேதியியலாளராக இருந்த ஜேம்ஸ் மார்ஷ், மாதிரியில் ஆர்சனிக் இருப்பதை மஞ்சள் வீழ்படிவாகக் கண்டுபிடித்தார். நீதிமன்றத்தில் காட்டும்போது அது கெட்டுப்போயிருந்தது. பாடில் விடுதலை ஆனார். மார்ஷ் விடவில்லை. ஆர்சனிக் கரைசலில் துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் ஆர்சைன் என்ற வாயு கிளம்பும் என்பது 1775இலேயே ஷீலே கண்டறிந்த செய்தி. மார்ஷ் அந்த வாயுவைச் சூடான கண்ணாடிக் குழாய் வழியே செலுத்தினார். ஆர்சைன் சிதைந்து, குழாயின் குளிர்ந்த பகுதியில் ஆர்சனிக் கண்ணாடிபோலப் பளபளத்துப் படிந்தது. 1836இல் அவர் இதை வெளியிட்டார். 1840இல் பிரான்ஸின் லஃபார்ஜ் வழக்கில் ஒர்ஃபிலா இதே சோதனையை நீதிமன்றத்தின் முன் வைத்தபோது உலகம் முழுவதும் அதன் பெயர் பரவியது.

1969இல் வால்டர் ஹோலக் அதே துத்தநாகம்–அமில வழியில் ஆர்சைனை உண்டாக்கி, திரவ நைட்ரஜனால் குளிர்ந்த குழாயில் பிடித்துவைத்து, பிறகு ஏ.ஏ.எஸ். கருவியின் சுடருக்குள் விட்டார். சில ஆண்டுகளில் துத்தநாகத்தின் இடத்தைச் சோடியம் போரோஹைட்ரைடு பிடித்தது. அது நீரில் கரையும், பம்பு வைத்துச் சீராகச் செலுத்தலாம், வினையும் நொடியில் முடிந்துவிடும். இன்றைய கருவியில் அமிலம் கலந்த மாதிரியும் போரோஹைட்ரைடு கரைசலும் மெல்லிய குழாய்களில் வந்து சந்திக்கின்றன. கிளம்பும் ஆர்சைனை ஆர்கான் வாயு, ஒளிப்பாதையில் கிடத்தியிருக்கும் குவார்ட்ஸ் குழாய்க்குள் தள்ளுகிறது. குழாய் ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் இருக்கும். அங்கே ஆர்சைன் வெறும் சூட்டில் பிளவதில்லை; கூடவே வரும் ஹைட்ரஜனிலிருந்து பிறக்கும் ஹைட்ரஜன் தனியுறுப்புகள்தான் அதை அணுவாக உரிக்கின்றன. மார்ஷ் குழாயின் குளிர்ந்த இடத்தில் படிந்ததைக் கண்ணால் பார்த்தார். இங்கே படிவதற்கு முன், அணு ஒளிப்பாதையில் மிதக்கும் அந்தக் கணத்தில் கணக்கெடுத்துவிடுகிறார்கள். செம்பும் இரும்பும் வாயுவாக மாறாது என்பதால் அவை பின்னாலேயே நின்றுவிடுகின்றன. லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமை ஒட்டிய ஆர்சனிக்கும் இம்முறையில் தெரியும். சுடரோடு ஒப்பிட்டால் ஆயிரம் மடங்கு முன்னேற்றம்.

செம்பு செய்யும் குறும்பு

செம்பு பின்னால் நின்றுவிடுகிறது என்பது பாதி உண்மைதான். போரோஹைட்ரைடு ஆர்சனிக்கோடு நிற்காமல் கரைசலில் உள்ள செம்பையும் கரும்பொடியாக வீழ்த்துகிறது. அப்போதுதான் வீழ்ந்த அந்த நுண்பொடி ஆர்சைனைப் பிடித்துச் சிதைத்துவிடும். நிக்கல், கோபால்ட், வெள்ளி, பிளாட்டின வகை உலோகங்கள் எல்லாம் இதையே செய்யும். விளைவு, ஆர்சனிக் உள்ளே இருந்தும் கருவி இல்லை என்று சொல்லும். தரச் சான்றிதழில் தவறான எண்களிலேயே ஆபத்தானது இதுதான். ஏனென்றால் இங்கே குறைவான எண்ணைத்தான் எல்லோரும் விரும்புகிறார்கள், யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஆகவே தாமிரத்தில் ஆர்சனிக்கைத் தேடுபவர் முதலில் தாமிரத்தை வெளியேற்ற வேண்டும். வேலை மாதிரி எடுப்பதிலிருந்தே தொடங்குகிறது. ஆர்சனிக் சேற்று இடுக்குகளில் திட்டுத்திட்டாக இருக்கும் என்பதால் தகட்டின் ஒரு மூலையில் சுரண்டியது போதாது. பல தகடுகளில் பல இடங்களில் முழு ஆழத்துக்குத் துளையிட்டுத் தூளைக் கலந்துகொள்ள வேண்டும். துளையிடும்போது எண்ணெய் விடக்கூடாது. சூடேறித் தூள் கருகவும் கூடாது. துளைக்கருவியிலிருந்து உதிர்ந்த இரும்பைக் காந்தத்தால் எடுத்துவிட்டு, அசிட்டோனில் கழுவி உலர்த்துவார்கள்.

கரைப்பதில் அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். ஆர்சனிக் முக்குளோரைடின் கொதிநிலை 130 டிகிரி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் ஆர்சனிக் ஆவியோடு போய்விடும். எஃகை ஆக்சிகரணி இல்லாமல் இந்த அமிலத்தில் கரைத்தால் கிளம்பும் ஹைட்ரஜனோடு ஆர்சைனாகவும் தப்பிவிடும். நைட்ரிக் அமிலம் ஆர்சனிக்கை ஐந்திணைதிற நிலைக்கு உயர்த்திக் கரைசலிலேயே கட்டிப்போடுகிறது. ஒரு கிராம் தாமிரத் தூளுக்கு, சமபங்கு நீர் சேர்த்த நைட்ரிக் அமிலம் பத்து மில்லிலிட்டர் போதும். செம்பழுப்பு நிறப் புகை எழும்பி அடங்கிய பின் மெல்லக் கொதிக்கவைத்து நைட்ரஜன் ஆக்சைடுகளை விரட்ட வேண்டும். அவை தங்கினால் பின்னால் ஆர்சைன் உருவாவதைக் கெடுக்கும்.

அடுத்தது இந்த முறையின் அழகான கட்டம். நீலப்பச்சைக் கரைசலில் சிறிது லாந்தனம் நைட்ரேட் சேர்த்து, அம்மோனியாவை மிகுதியாக ஊற்றுகிறார்கள். செம்பு அம்மோனியாவோடு அணைவாகி ஆழ்நீலமாகக் கரைசலிலேயே நிற்கிறது. லாந்தனமோ ஹைட்ராக்சைடாக வெள்ளைக் கூழ்போல இறங்குகிறது. இறங்கும்போது ஆர்சனிக்கையும், ஆன்டிமனி, பிஸ்மத், செலினியம், டெல்லூரியம் ஆகியவற்றையும் தன்னோடு இழுத்துக்கொள்கிறது. வடிகட்டி, நீர்த்த அம்மோனியாவால் நீலம் போகும்வரை கழுவினால் செம்பில் மிகப் பெரும்பகுதி போய்விடும். நைட்ரேட்டும் கூடவே போகும். வீழ்படிவில் நீலச் சாயல் மிச்சமிருந்தால் கரைத்து மறுபடி ஒருமுறை வீழ்த்துவது நல்லது. லாந்தனத்துக்குப் பதில் இரும்பு உப்பையும் பயன்படுத்தலாம். ஆனால் மூவிணைதிற இரும்பு அடுத்த கட்டத்தில் சேர்க்கும் அயோடைடை வீணாக்கும். லாந்தனத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வீழ்படிவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து 50 மில்லிலிட்டராக்கிக்கொள்கிறார்கள். ஆர்சனிக் இன்னும் ஐந்திணைதிற நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் ஆர்சைன் மெதுவாகத்தான் கிளம்பும், கருவியின் குறியும் தாழ்வாக வரும். ஆகவே ஐந்து மில்லிலிட்டர் எடுத்து, செறிந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை வைத்திருந்தால் அது மூவிணைதிற நிலைக்கு இறங்கும். அறைச் சூட்டில் நடக்கும் வினை என்பதால் அமிலத்தின் செறிவு பயமுறுத்த வேண்டியதில்லை. அவசரப்பட்டு இருபது நிமிடத்தில் எடுத்துவிட்டால் எண் குறையும். பிறகு 50 மில்லிலிட்டராக நிரப்பிக் கருவிக்குக் கொடுக்கலாம். அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் சி. பிரிந்து வரும் அயோடினைத் திரும்ப அயோடைடாக்குவதே இங்கே அதன் வேலை. மிஞ்சிய சிறிதளவு செம்பு தொந்தரவு தருமானால் தயோயூரியா சேர்த்து அதன் வாயைக் கட்டிவிடலாம்.

கணக்கு இப்படிப் போகும். கருவி லிட்டருக்கு 8.4 மைக்ரோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தாமிரம் போடாமல், மற்ற எல்லா அமிலங்களையும் சேர்த்து அதே வழியில் நடத்திய வெற்று மாதிரி 0.4 காட்டினால், மிஞ்சுவது 8.0. கடைசியாக நிரப்பிய 50 மில்லிலிட்டரில் 0.4 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருக்கிறது. அது வந்தது முதல் கரைசலின் பத்தில் ஒரு பங்கிலிருந்து. ஆகவே ஒரு கிராம் தாமிரத்தில் மொத்தம் 4 மைக்ரோகிராம், அதாவது 4 பிபிஎம். தகடு தேறியது. வெற்று மாதிரியைக் கழிக்க மறந்திருந்தால் 4.2; அமிலங்கள் தூய்மை குறைந்தவையாக இருந்திருந்தால் தகடு செய்யாத குற்றத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

கிராஃபைட் உலை

இரண்டாவது வழியை 1959 வாக்கில் லெனின்கிராடில் தொடங்கிவைத்தவர் போரிஸ் ல்வோவ். விரல் நீளத்துக்கும் குறைவான கிராஃபைட் குழாய்க்குள் 20 மைக்ரோலிட்டர் கரைசலை விட்டு, மின்சாரத்தால் படிப்படியாகச் சூடேற்றுகிறார்கள். 120 டிகிரியை ஒட்டி நீர் உலர்கிறது. 1,200 டிகிரியை ஒட்டித் தேவையற்ற உப்புகளும் அமிலமும் விலகுகின்றன. 2,100 டிகிரியைத் தாண்டும்போது ஆர்சனிக் ஒரே வீச்சில் அணுக்களாக எழுகிறது. சுடரில் அணு கண்சிமிட்டும் நேரத்தில் ஒளிப்பாதையைக் கடந்துவிடும். இங்கே ஆர்கான் ஓட்டத்தை நிறுத்திவைத்தால் குழாய்க்குள்ளேயே சற்று நேரம் தங்கும்.

இதில் வெளிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. ஆர்சனிக் 615 டிகிரியிலேயே பதங்கமாகும் பொருள். 1,200 டிகிரிக்குச் சூடாக்கினால் உப்போடு சேர்ந்து அதுவும் போய்விடும். பல்லேடியமும் மெக்னீசியமும் கலந்த உப்பைச் சேர்த்தால் ஆர்சனிக் பல்லேடியத்தோடு பிணைந்து உறுதியாக நிற்கும். முன்பெல்லாம் நிக்கல் நைட்ரேட்டைப் பயன்படுத்தினார்கள். விமான எஞ்சின் பாகங்களுக்கான நிக்கல் உலோகக்கலவையை ஆராயும்போது இதில் ஒரு வசதி இருக்கிறது: ஹைட்ரைடு முறையில் எதிரியாக நின்ற நிக்கல், உலைக்குள் ஆர்சனிக்கைக் காக்கும் பொருளாக மாறிவிடுகிறது. அதனால் நிக்கல் கலவைகளுக்கு உலைதான் இயல்பான தேர்வு.

உலையின் பலவீனம் பின்னணி. ஆவியாகும் உப்புத் துகள்களும் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறடிக்கும்; கருவி அதையும் ஆர்சனிக் என்றே எண்ணிக்கொள்ளும். டியூட்டீரியம் விளக்கை வைத்துத் திருத்தும் பழைய ஏற்பாடு 193.7 நானோமீட்டரில் தடுமாறுகிறது. மாதிரியில் அலுமினியம் இருந்தால் இல்லாத ஆர்சனிக்கைக்கூட அது காட்டிவிடும். உலையைக் காந்தப்புலத்தில் வைத்து ஆர்சனிக்கின் கோட்டையே பிளந்து அளக்கும் ஜீமன் திருத்தம் உள்ள கருவி இருந்தால்தான் இந்த வேலையை உலையில் செய்வது நியாயம்.

எந்த வழியில் அளந்தாலும் எண்ணுக்குச் சாட்சி வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் தெரிந்த அளவு ஆர்சனிக்கைத் தொடக்கத்திலேயே சேர்த்து, கடைசியில் அது முழுதும் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது ஒரு சாட்சி. அமெரிக்காவின் நிஸ்ட், ஜெர்மனியின் பாம் போன்ற நிறுவனங்கள், ஆர்சனிக் அளவு உறுதிசெய்யப்பட்ட தாமிர, எஃகு மாதிரிகளை விற்கின்றன. அவற்றில் ஒன்றை அன்றைய வரிசையில் சேர்த்து அளப்பது இன்னொரு சாட்சி. இரண்டில் பின்னதே வலுவானது. ஏனெனில் கரைசலாகச் சேர்த்த ஆர்சனிக்கும் உலோகத்துக்குள் இருந்த ஆர்சனிக்கும் கரைக்கும் கட்டத்தில் ஒரேபோல நடந்துகொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஆர்சைன் மிகக் கொடிய நஞ்சு. ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாதிப்பு சில மணி நேரம் கழித்தே தெரியவரும். ஜெர்மானிய வேதியியலாளர் கேலன் 1815இல் இதை முகர்ந்துதான் இறந்தார். அமெரிக்கப் பணியிட விதி காற்றில் 0.05 பிபிஎம்முக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. ஹைட்ரைடு கருவியில் உண்டாவது மைக்ரோகிராம் கணக்குதான் என்றாலும் குவார்ட்ஸ் குழாய்க்கு மேல் புகைபோக்கி ஓடாமல் வேலை தொடங்கக் கூடாது. சுத்திகரிப்பு ஆலையில் அபாயம் இதைவிடப் பெரிது. ஆர்சனிக் சேர்ந்த மின்பகுகரைசலிலிருந்து கடைசிச் செம்பையும் எடுக்க முயலும் தொட்டிகளில், செம்பு தீர்ந்துபோகும் தறுவாயில் ஆர்சைன் கிளம்பும்.

ஏ.ஏ.எஸ்.ஸின் இடத்தை இப்போது வேறு கருவிகள் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. எஃகு ஆலையில் உருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மின்பொறியால் மேற்பரப்பை ஆவியாக்கி இருபது தனிமங்களை ஒரே நிமிடத்தில் படிக்கும் ஸ்பார்க் கருவி இருக்கிறது. பிளாஸ்மாவில் அணுக்களை அயனியாக்கி எடை பார்க்கும் ஐ.சி.பி.–எம்.எஸ். இன்னும் நுட்பமானது. ஆனால் ஆர்சனிக்குக்கு 75 என்ற ஒரே நிலையான ஐசோடோப்புதான் உண்டு. பிளாஸ்மாவின் ஆர்கானும் அமிலத்தின் குளோரினும் சேர்ந்த அயனியின் எடையும் அதே 75. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தனி ஏற்பாடு வேண்டும், விலையும் பல மடங்கு. ஒரே மாதிரியில் இருபது தனிமங்களைத் தினமும் பார்க்க வேண்டிய ஆய்வகம் பிளாஸ்மா கருவியை வாங்குவதே சரி. ஆர்சனிக் போன்ற ஓரிரு தனிமங்களை மட்டும் பிபிஎம் அளவில் கண்காணிக்க வேண்டிய ஆய்வகத்துக்கு, ஹைட்ரைடு இணைப்புள்ள ஏ.ஏ.எஸ். கருவியும் அம்மோனியா மணம் பழகிய ஒரு வேதியியலாளரும் இன்றும் போதும்.